காட்டுச் சத்தம், ஆராய்ச்சி, கலை: எல்லாரும் கேக்குற கேள்விங்க

நான் பதினோரு வருஷம் சினிமாவுக்கு ஆம்பியன்ஸ் டிராக், அதாவது சீனுக்குப் பின்னாடி ஓடுற சுத்துப்புறச் சத்தம், போட்டுட்டு இருந்தவன். ராத்திரி சீன் வந்தா ஹார்ட் டிஸ்க்ல கெடக்குற அதே சில்வண்டு லூப்பை இழுத்துப் போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவோம், இது மதுரை ராத்திரியா மூணாறு ராத்திரியானு ஒருத்தரும் கேட்டதில்ல. இப்போ நாலு வருஷமா ஆனமலைப் பக்கம் காட்டுச் சத்தத்தை ஆராய்ச்சி பண்ற ரெண்டு பேரோட சேந்து ரெக்கார்டர் கட்டுறது, ஃபைல் கேக்குறது, அதை வச்சு ஸ்கூல் பசங்களுக்குப் பட்டறை போடுறது, எங்கயாவது ஒரு ஹால் கெடச்சா சின்னதா கண்காட்சி வைக்கிறதுனு ஓடிட்டு இருக்கு. போற எடமெல்லாம் ஒரே கேள்விங்கதான் வருது, அதான் மொத்தமா எழுதி வச்சிடலாம்னு உக்காந்துட்டேன்.

இது ஆராய்ச்சியா கலையா, ஏதாவது ஒண்ணு தெளிவா சொல்லுங்க?

காட்டுல எந்த உயிர் இருக்கு, எவ்ளோ இருக்கு, போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன மாறியிருக்குனு பாக்குறது சூழலியல். அதைக் கண்ணால பாக்காம காதால பாக்குறது ஒலிச்சூழலியல். மரத்துல ரெக்கார்டரைக் கட்டி வாரக்கணக்குல விட்டுட்டு வந்து, அப்புறம் ஃபைலைத் தொறந்து யாரெல்லாம் கத்தியிருக்காங்கனு கணக்கு எடுப்பாங்க. அந்தக் கணக்கு ஒரு ஜர்னல்ல கட்டுரையா வரும், அதைப் படிக்கிறவங்க இன்னொரு ஆராய்ச்சியாளர்தான். ஆனா அந்தக் கணக்கு எந்த ஃபைல்ல இருந்து வந்துச்சோ அதே ஃபைலை ஒரு இருட்டு ரூம்ல நாலு ஸ்பீக்கர்ல போட்டா, எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிற அக்காவும் அவங்க பையனும் உக்காந்து கேப்பாங்க. அந்த ரெண்டாவது வேலைக்கு கலைனு பேர் வச்சிருக்கோம், அவ்ளோதான். மூலப்பொருள் ஒண்ணு, வெளிய வர்ற வாசல்தான் ரெண்டு.

நிஜமா என்ன வேலை பண்றீங்க, காட்டுக்குள்ள போய் மைக் புடிச்சுட்டு நிப்பீங்களா?

ஆரம்பத்துல நானும் அப்படித்தான் நெனச்சேன், ஹெட்ஃபோன் மாட்டிட்டு ஸ்டைலா நிக்கலாம்னு. பெரும்பாலும் அட்டைக்குப் பயந்து சாக்ஸ்ல புகையிலை தடவிக்கிட்டு ஏறுறதும் எறங்குறதும்தான். ஆடியோமாத்னு ஒரு சின்ன ரெக்கார்டர் இருக்கு, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெருசு, சுவர்க் கடிகாரத்துக்குப் போடுவோமே அந்த செல் மூணு போட்டா போதும். 2017 வாக்குல இங்கிலாந்துல ஆராய்ச்சி மாணவர்கள் உருவாக்கி டிசைனை எல்லாருக்கும் தொறந்து விட்டாங்க, அதுக்கு முன்னாடி இந்த வேலைக்கான மெஷின் விலையைக் கேட்டாலே தலை சுத்தும். அதை ஒரு டப்பாக்குள்ள சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வச்சு நெஞ்சு உயரத்துல மரத்துல கட்டுவோம். திரும்பிப் போறப்போ எறும்பு குடியேறியிருக்கும், இல்லன்னா மந்தி புடிச்சு இழுத்துப் பாத்திருக்கும், அந்த இழுத்த சத்தமும் ஃபைல்ல இருக்கும்.

கணக்கும் சொல்லிடறேன், நெறைய பேர் இதுலதான் மாட்டிக்கிறாங்க. ஹெர்ட்ஸ்னா ஒரு செகண்டுக்கு எத்தனை அதிர்வுங்கற கணக்கு, மனுஷன் காது 20 ஹெர்ட்ஸ்ல இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும். சாம்பிளிங் ரேட்னா மெஷின் ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை சத்தத்தை அளக்குதுங்கறது, அதுல பாதி வரைக்கும்தான் பதிவாகும்; 48,000 வச்சா 24,000 ஹெர்ட்ஸ் வரைக்கும், பறவைக்கும் தவளைக்கும் அது தாராளம், வவ்வாலுக்குப் பத்தாது. அப்படி 16 பிட் மோனோல ஓட விட்டா ஒரு நிமிஷத்துக்கு கிட்டத்தட்ட 5.8 எம்பி, ஒரு நாளைக்கு 8 ஜிபிக்கு மேல. 32 ஜிபி கார்டு நாலு நாள் கூடத் தாங்காது. அதனால பத்து நிமிஷத்துக்கு ஒரு நிமிஷம்னு எடுக்க வைப்போம், அதே கார்டு அஞ்சு வாரத்துக்கு மேல வரும், அதுக்கு முன்னாடி செல் தீந்துடும்ங்கறது வேற விஷயம்.

கேமரா ட்ராப் இருக்கே, அது போதாதா?

கேமரா ட்ராப்னா மிருகம் குறுக்க வந்தா தானா போட்டோ எடுக்குற கேமரா, அது தனக்கு முன்னாடி நடக்குறதை மட்டும்தான் பாக்கும். மரத்து உச்சியில இருக்கிற குக்குறுவான் பறவையையும், பொதர்ல இருக்கிற கட்டைவிரல் நகம் அளவு தவளையையும் அது பாக்காது. ஊதாத் தவளைனு ஒண்ணு இருக்கு, பன்னிமூக்குத் தவளைனும் சொல்லுவாங்க, 2003லதான் அறிவியல் பேரே வச்சாங்க, வருஷத்துல பெரும்பாலான நாள் மண்ணுக்குள்ளயே கெடக்கும், ஆண் தவளை மண்ணுக்கு அடியில இருந்தே கத்தும். அதை எந்தக் கேமராவுல புடிக்கிறது? அதே சமயம் கத்தாத மிருகத்துக்கு ரெக்கார்டர் உபயோகமே இல்ல. ஒரே பறவை நூறு தடவை கத்துச்சா, நூறு பறவை ஒரு தடவை கத்துச்சானு ஒத்த ரெக்கார்டரை வச்சுச் சொல்றதும் கஷ்டம்.

ஸ்பெக்ட்ரோகிராம்னு ஒரு படம் காட்டுறீங்களே, அது என்ன?

சத்தத்தோட படம். எடது பக்கத்துல இருந்து வலது பக்கம் நேரம் ஓடும், கீழ இருந்து மேல சுருதி ஏறும், எங்க சத்தம் ஜாஸ்தியோ அங்க நெறம் அடர்த்தியா இருக்கும். பாட்டு கத்துக்கிட்ட பசங்க ரெண்டே நிமிஷத்துல புரிஞ்சுப்பாங்க, கமகம் எப்படி வளையுதோ அப்படியே கோடு வளையும். சீகாரப் பூங்குருவியோட விசில் ஒரு கொடி மாதிரி ஏறி எறங்கும், சில்வண்டு மேல ஒரு தடிமனான பட்டை மாதிரி நிக்கும், மழை வந்தா மொத்தப் படமும் பொடி தூவின மாதிரி ஆயிடும். ஒரு கண்காட்சியில இதைப் பெருசா அச்சடிச்சு மாட்டியிருந்தோம், ஒரு பாட்டி வந்து "இது என்னப்பா, காஞ்சிபுரம் பார்டரா"னு கேட்டாங்க. எனக்கு அதை விட நல்ல விமர்சனம் இன்னும் வரல.

கலைங்கறது கடைசில மேல பூசுற பெயின்ட் மாதிரிதான? ஆராய்ச்சி முடிஞ்சப்புறம் அழகுக்குச் சேக்குறது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் ரொம்ப நேரம் பேசுவேன், பொறுத்துக்கோங்க. ஏன்னா இந்தத் துறையோட பெரிய திருப்பங்கள்ல சிலது நேர் எதிரா நடந்திருக்கு, முதல்ல காது, அப்புறம்தான் கட்டுரை.

கூன்முதுகுத் திமிங்கிலத்தை எடுத்துக்கோங்க. பெர்முடாவுல அமெரிக்கக் கடற்படைக்கு வேலை பாத்த ஃப்ராங்க் வாட்லிங்டன்னு ஒரு இன்ஜினியர், கடலுக்கடியில மைக் போட்டு வேற எதையோ கேட்டுட்டு இருந்தவர், அதுல திமிங்கிலக் குரல் மாட்டிக்கிச்சு. திமிங்கில வேட்டைக்காரங்க கைக்குப் போயிடுமோனு பயந்து அந்த டேப்பை வெளிய காட்டாம வச்சிருந்தார். 1967ல உயிரியல் ஆராய்ச்சியாளர் ரோஜர் பெய்னும் அவர் மனைவி கேட்டி பெய்னும் போனப்போதான் போட்டுக் காட்டினார். அதை ஸ்பெக்ட்ரோகிராமா அச்செடுத்துத் தரையில நீளமா விரிச்சுப் பாத்தப்போ, கணக்கு படிச்ச ஹெல்லா மெக்வே கவனிச்சாங்க, இது சும்மா முனகல் இல்ல, வரிசை மாறாம திரும்பத் திரும்ப வருதுன்னு. திரும்ப வந்தா அது பாட்டுதான? 1970ல இசைத்தட்டு வந்துச்சு, சயன்ஸ் இதழ்ல கட்டுரை வந்தது 1971ல. ரெக்கார்டு கடைக்குத்தான் முதல்ல போச்சு, லைப்ரரிக்கு அப்புறம். 1979 ஜனவரில நேஷனல் ஜியாக்ரஃபிக் பத்திரிகையோட ஒரு மெலிசான பிளாஸ்டிக் தட்டா வச்சு 1 கோடியே 5 லட்சம் பிரதி அனுப்புனாங்க. நடுவுல 1977ல வாயேஜர் விண்கலத்துல போன தங்கத்தட்டுலயும் அந்தக் குரல் ஏறிடுச்சு.

அதே கேட்டி பெய்ன் கதை இன்னும் அருமை. அவங்க இசையும் உயிரியலும் படிச்சவங்க. 1984ல போர்ட்லேண்ட் மிருகக்காட்சிசாலைல யானைக் கொட்டகை பக்கத்துல நின்னப்போ சத்தம் எதுவும் கேக்கல, ஆனா காத்துல ஒரு அதிர்வு வந்து வந்து போற மாதிரி உடம்புல தெரிஞ்சுது. ஊருக்குத் திரும்புற வழியில, சின்ன வயசுல தேவாலயத்துல கோரஸ் பாடுறப்போ ஆர்கனோட பெரிய குழாய் பக்கத்துல நின்னா இதே அதிர்வு வருமேனு ஞாபகம் வந்திருக்கு. திரும்பப் போய்ப் பதிவு பண்ணிப் பாத்தா ஆசிய யானை 14ல இருந்து 24 ஹெர்ட்ஸ்ல பேசிக்கிட்டு இருக்கு, பெரும்பகுதி நம்ம காதுக்கு எட்டாத கீழ் சுருதி. 1986ல கட்டுரை வந்துச்சு. யானையோட ஆயிரக்கணக்கான வருஷமா வாழ்ந்தவங்க நாம, பிளிறலுக்குத் தனியா சொல்லு வச்சிருக்கோம், இதுக்கு வைக்கல, ஏன்னா கேக்கல. கோரஸ்ல பாடுன ஒருத்தர் உடம்புக்குத்தான் அது பிடிபட்டுச்சு. யானைப் பாகன்கள் யாராவது "ஆமாங்க, எனக்கும் நெஞ்சுல தெரியும்"னு சொல்லியிருக்கலாம், யாரும் போய்க் கேட்டிருக்க மாட்டாங்கங்கறது என் சந்தேகம்.

மூணாவது டேவிட் டன். அவர் இசையமைப்பாளர். 2000கள் தொடக்கத்துல நியூ மெக்சிகோவுல வறட்சி, பட்டை வண்டு வந்து பினியன் பைன் மரங்க காடு காடா செத்துச்சு. மரத்துக்குள்ள என்னதான் நடக்குதுன்னு கேக்க, பாட்டுப் பாடுற வாழ்த்து அட்டைக்குள்ள இருக்குமே ஒரு சின்ன தகடு, அதைப் பிரிச்சு எடுத்து, கறி வெந்துச்சானு பாக்கக் குத்துற தெர்மாமீட்டர் கம்பியில ஒட்டி மரத்துல சொருகிட்டார். உள்ள பயங்கரப் பேச்சு, கிரீச்சு, கிளிக்கு, டக்டக்னு. 2006ல அதை ஒரு ஒலிப்படைப்பா வெளியிட்டார். அதுக்கப்புறம் அரிசோனாவுல பூச்சி ஆராய்ச்சியாளர்களோட சேந்து வண்டுக்கே சத்தத்தைப் போட்டுக் காட்டினாங்க. முதல்ல ராக் பாட்டெல்லாம் போட்டாங்க, வண்டு கொஞ்ச நேரத்துல கண்டுக்காம விட்டுடுச்சு. வண்டோட சொந்தச் சத்தத்தையே மாத்திப் போட்டப்போ குடைறது, ஜோடி சேர்றது எல்லாம் கொறைஞ்சுது. 2014ல அது பூச்சிக் கட்டுப்பாட்டு ஜர்னல்ல வந்துச்சு. ஒரு இசையமைப்பாளர் கைவேலை எங்க போய் நிக்குது பாருங்க.

அதுக்காக எல்லா ஆராய்ச்சிக்கும் ஒரு ஆர்ட்டிஸ்ட் வேணும்னு நான் சொல்லல. ஃபண்டுக்காக அப்ளிகேஷன்ல கடைசி நேரம் "கலை"னு ஒரு பாரா சேத்துட்டு, முடியறப்போ சுவர்ல ஒரு மியூரல் வரைஞ்சு போட்டோ எடுக்குறதையும் பாத்திருக்கேன். அது பெயின்ட்தான், நீங்க கேட்டது சரி.

சத்தத்தைக் கேட்டு உலகம் மாறிடுச்சா என்ன?

திமிங்கிலப் பாட்டு கேட்டுத்தான் வேட்டை நின்னுச்சுனு சிலர் சொல்லுவாங்க, அப்படி ஒத்த வரில சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல. 1982ல சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த ஓட்டுப் போட்டதுக்குப் பின்னாடி எண்ணிக்கை சரிஞ்சது, எண்ணெய்க்கு வேற பொருள் வந்தது, போராட்டம்னு பல காரணம் இருக்கு. ஆனா அந்தப் போராட்டத்துக்கு வந்தவங்கள்ல பல பேர் காதுல அந்தப் பாட்டு இருந்துச்சு, அதை மறுக்க முடியாது.

பெர்னி க்ராஸ் கதையும் இதே ரகம். அவர் மூக் சிந்தசைசர்ங்கற எலக்ட்ரானிக் வாத்தியம் வாசிச்ச ஸ்டுடியோ ஆளு, அப்புறம் காட்டுச் சத்தத்துக்கு வந்தவர், உயிர்கள் எழுப்புற சத்தம் மொத்தத்துக்கும் பயோஃபனினு பேர் வச்சவர். கலிஃபோர்னியா சியரா நெவாடா மலையில லிங்கன் மெடோனு ஒரு புல்வெளி. அங்க மரம் வெட்டுற கம்பெனி, நாங்க அங்கங்க ஒண்ணு ரெண்டுதான் வெட்டுவோம், காட்டுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு ஊருக்கு வாக்கு குடுத்திருந்துச்சு. 1988ல வெட்டுறதுக்கு முன்னாடி விடியக்காலையில பதிவு பண்ணினார், அடுத்த வருஷம் அதே நாள் வாக்குல அதே நேரம் திரும்பப் போனார். போட்டோவுல காடு அப்படியே இருக்கு. சத்தத்துல ஓடையும் ஒரு மரங்கொத்தியும்தான் இருக்கு. 25 வருஷத்துல 15 தடவை திரும்பப் போயும் பழைய சத்தம் வரலன்னு 2013ல பேசினப்போ சொன்னார்.

இதை ஹால்ல போட்டா எல்லாரும் அப்படியே உறைஞ்சு போவாங்க. என்கூட வேலை பாக்குற ஆராய்ச்சியாளர் மட்டும் பின்னாடி இருந்து "ஒரே ஒரு எடம், ஒப்பிட்டுப் பாக்க வெட்டாத இன்னொரு எடம் இல்ல, அந்த வருஷம் வானிலை எப்படி?"னு முணுமுணுப்பாங்க. அவங்க கேக்குறதும் நியாயம்தான். நிரூபணமா அது பலவீனம், கேள்வியை எழுப்புற விதத்துல அதுக்கு ஈடு கெடையாது. பல எடம், ஒப்பீடு எல்லாம் வச்சு செஞ்சதுன்னா பவளப்பாறை ஆய்வு இருக்கு. 2017 கடைசில ஆஸ்திரேலியாவுல லிசர்ட் தீவு பக்கம், செத்த பவளத் துண்டுங்களைக் குட்டிக் குட்டி மேடா அடுக்கி, சிலதுல தண்ணிக்கடியில ஸ்பீக்கர் வச்சு ஆரோக்கியமான பாறையோட சத்தத்தை 40 நாள் போட்டாங்க, சத்தம் போட்ட எடத்துல மத்த எடத்தை விட ரெண்டு மடங்கு மீன் வந்துச்சு. மீன் வந்ததால பவளம் உயிர் பெத்துடாது, ஆனா மீன் இல்லாம அது தேறவும் தேறாது.

கண்காட்சில போடுற சத்தத்தை எடிட் பண்ணுவீங்களா?

பண்ணுவோம். பண்ணலன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. யானையோட கீழ் சுருதி மனுஷனுக்குக் கேக்கணும்னா வேகத்தைக் கூட்டணும், வவ்வால் கேக்கணும்னா கொறைக்கணும், ராத்திரி பத்து மணி நேரத்தைப் பத்து நிமிஷமா சுருக்கணும். இதெல்லாம் தப்பில்ல, ஆனா பக்கத்துல ஒரு அட்டையில எழுதி வைக்கணும், "இது நாலு மடங்கு வேகம்", "இது மூணு ராத்திரி சேத்தது"னு. நாங்க எழுதாம விட்டு ஒரு தடவை மானம் போச்சு.

சொல்றேன். முதல் வருஷக் கண்காட்சி, ஜூன் மாச மழைக்காலப் பதிவு ஒண்ணு, ரொம்ப நல்லா இருந்துச்சு ஆனா நடுவுல ஒரு நிமிஷம் சவசவன்னு இருந்துச்சு. சினிமாக்காரன் புத்தி போகுமா? டிசம்பர்ல எடுத்த ஆறுமணிக்குருவி குரலை எடுத்து அந்த எடத்துல நைசா வச்சுட்டேன், கனக்கச்சிதமா உக்காந்துச்சு. தெறப்பு நாள்ல ஒரு எஸ்டேட் வாட்சர் அண்ணன் வந்தார், ரிட்டயர் ஆனவர், ஹெட்ஃபோனை மாட்டிட்டுக் கண்ணை மூடிக் கேட்டுட்டே இருந்தார், நான் பாராட்டுவார்னு பக்கத்துல நிக்கிறேன். கழட்டி வச்சுட்டு மெதுவா, "தம்பி, இது மழை சத்தம்லாம் ஆனி மாசம் மாதிரி இருக்கு, ஆறுமணிக்குருவி எப்படிய்யா வந்துச்சு? அது ஐப்பசிக்கு மேலதான இந்தப் பக்கமே வரும்?"னார். அந்தக் குருவி வடக்க முட்டை வச்சுட்டு, குளிர் காலத்துக்கு மட்டும் நம்ம பக்கம் வர்றது, அது எனக்கும் தெரியும், தெரிஞ்சும் வச்சேன். என்கூட இருந்த ஆராய்ச்சியாளர் மூஞ்சியை நான் பாக்கவே இல்ல. அந்த ஃபைலை அன்னைக்கு ராத்திரியே எடுத்தாச்சு. அந்தக் காட்டைத் தெரிஞ்ச ஒருத்தரை மொதல்ல கூப்பிட்டுக் கேக்க விடாம இப்போ எதையும் வெளிய விடுறதில்ல, பெரும்பாலும் அது அதே அண்ணன்தான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுதான, நம்மகிட்ட என்ன இருக்கு?

சங்க காலத்துலயே எல்லாம் இருக்குன்னு மேடை போட்டுப் பேசுற ஆளு நான் இல்ல. ஆனா அகநானூறு 82, கபிலர் பாட்டு, அதை ஒரு தடவை படிச்சுப் பாருங்க. மூங்கில்ல வண்டு தொளைச்ச ஓட்டை வழியா காத்து போறது குழல், அருவி விழுறது முழவு, கலைமான் கூட்டத்தோட குரல் தூம்புங்கற ஊது வாத்தியம், பூஞ்சாரல் வண்டு யாழ், மந்திங்க உக்காந்து வேடிக்கை பாக்குது, மயில் வந்து ஆடுது. சும்மா காடு இனிமையா இருந்துச்சுன்னு சொல்லாம எந்தச் சத்தம் எந்த வாத்தியம்னு பிரிச்சு உக்கார வச்சிருக்கார். ஒவ்வொரு உயிரும் தனக்குனு ஒரு சுருதி, ஒரு நேரம் புடிச்சுக்கிட்டு அடுத்தது மேல விழாம கத்துதுன்னு க்ராஸ் ஒரு கருத்து வச்சார், பஸ் ஸ்டாண்டுல முறுக்குக்காரரும் பூக்காரம்மாவும் ஒருத்தர் குரல் மேல ஒருத்தர் குரல் ஏறாம கூவுறாங்களே, அந்த மாதிரி. எல்லாக் காட்டுலயும் அது அப்படியே பொருந்துதான்னு ஆராய்ச்சில இன்னும் சண்டை ஓடுது. கபிலர் நிரூபிச்சாருன்னு சொல்லல, அப்படிக் கேக்குற காது அவருக்கு இருந்துச்சுன்னு சொல்றேன். தொல்காப்பியத்துல கருப்பொருள் வரிசையில மரம், பறவை, பறை, யாழ் எல்லாம் ஒரே பட்டியல்ல வருது, ஒரு நெலத்தைச் சொல்லணும்னா அதோட பறவையையும் பறையையும் சேத்துத்தான் சொல்லணும்னு வச்சிருக்காங்க.

ஸ்கூல் பட்டறைல என்ன பண்ணுவீங்க?

முதல்ல ஒரு வெள்ளைத்தாள், நடுவுல ஒரு பெருக்கல் குறி, அது நீ. பத்து நிமிஷம் வாயைத் தொறக்காம வெளிய உக்காந்து, எந்தப் பக்கம் என்ன சத்தம் வந்துச்சோ அந்தப் பக்கம் ஒரு குறி போடணும். பேர் எழுதக் கூடாது, சத்தம் எப்படி இருந்துச்சோ அப்படிக் கோடு. ஒரு பொண்ணு தாள் முழுக்க ஓரத்துல இருந்து ஓரம் வரைக்கும் ஒரே ஒரு தடிமன் பட்டை போட்டு, மத்ததெல்லாம் அதுக்குக் கீழ சின்னச் சின்னப் புள்ளியா வச்சிருந்துச்சு. என்னம்மா இதுன்னேன். "சங்கு சார்." எஸ்டேட் ஃபேக்டரி சங்கு. அது ஊதுனப்போ பறவை எதாச்சும் கேட்டுச்சானு கேட்டேன், யோசிச்சுட்டு "தெரியல சார், சங்கு கேட்டா அம்மா கெளம்பிடும்"னு சொல்லுச்சு. அன்னைக்கு ரெக்கார்டர் ஃபைலை எடுத்துப் பாத்தா ஸ்பெக்ட்ரோகிராம்ல அதே பட்டை, அந்தப் பொண்ணு போட்ட மாதிரியே. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல ஒட்டி வச்சோம்.

அடுத்தது மரபுச் சொல். ஒலி மரபுனு பரிச்சைல கேப்பாங்களே, மயில் அகவும், கூகை குழறும், யானை பிளிறும், காகம் கரையும், வண்டு முரலும். பசங்க தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க, ஆனா கூகை குழறி ஒருத்தனும் கேட்டதில்ல. நாங்க அந்தக் குரலைப் போட்டு, எது குழறல் எது அலறல்னு காதால பிரிக்கச் சொல்லுவோம். அப்போதான் அந்த வார்த்தை எவ்ளோ கணக்கா வச்சிருக்காங்கன்னு டீச்சருக்கே தெரியுது. அப்புறம் பட்டியல்ல இல்லாத உயிருக்குப் பசங்களே சொல்லு கண்டுபுடிக்கணும். பொதர்த் தவளைக்கு ஒரு பையன் "சொடுக்கும்"னு வச்சான். ஒரு வார்த்தைல ஸ்பெக்ட்ரோகிராமைச் சொல்லிட்டான், அதுல செங்குத்தா ஒரு கோடுதான் விழும், விரல் சொடுக்குனா விழுற அதே கோடு.

ஆப் இருக்கே, மெர்லின், பேர்ட்நெட்னு, பறவை பேரை அதுவே சொல்லிடுது?

சொல்லும், நானும் தெனம் உபயோகிக்கிறேன், ஒரு மாசம் ஃபைல்ல குறிப்பிட்ட ஒரு பறவையைத் தேட இப்படி ஒண்ணு இல்லாம முடியாது. ஆனா துடுப்புவால் கரிச்சான்கிட்ட மாட்டுனா கதை முடிஞ்சுது. அது மத்த பறவைங்க குரலை அப்படியே மிமிக்ரி பண்ணும், ஆப் அங்க இல்லாத பறவை பேரெல்லாம் வரிசையா சொல்லும். லிஸ்டைக் கொண்டு வந்து காட்டுறவங்ககிட்ட நான் கேக்குற ஒரே கேள்வி, நீங்க கேட்டீங்களா?

அப்போ காடு நல்லா இருக்கா இல்லையான்னு சத்தத்தை வச்சு ஒரு மார்க் போட முடியாதா?

அதுக்குனு பல குறியீட்டு எண் இருக்கு, மொத்தச் சத்தத்துல எவ்ளோ ஏற்ற எறக்கம், எத்தனை சுருதிப் பட்டைல ஆள் இருக்குனு கணக்குப் போட்டு ஒரு நம்பர் தரும். ஒரே காட்டை வருஷா வருஷம் ஒப்பிட, இல்லன்னா வால்பாறைப் பக்கம் மரம் நட்டு மீட்டெடுக்குற துண்டுக் காட்டையும் பழைய காட்டையும் ஒப்பிட அது உதவும், அந்த மாதிரி வேலை அங்க நடந்தும் இருக்கு. ஆனா மழை பேஞ்சா நம்பர் மாறும், சில்வண்டு சீசன்ல எகிறும், ஓடை பக்கம் கட்டுனா கெட்டுப் போகும். பேப்பர்ல "காட்டுக்கு 78 மார்க்"னு நியூஸ் போட்டா நம்பாதீங்க.

காட்டுல ரெக்கார்டர் வச்சா மனுஷங்க பேசுறதும் பதிவாகுமே?

ஆகும், இதைப் பத்தி யாரும் பேச மாட்டேங்கறாங்க. வெறகு பொறுக்க வர்றவங்க, தேன் எடுக்க வர்றவங்க, சண்டை போடுறவங்க எல்லாரும் அதுல இருப்பாங்க. உத்தராகண்ட்ல இருக்கிற கார்பெட் புலிகள் காப்பகத்தைச் சுத்தி 270 பேர்கிட்ட பேசி கேம்பிரிட்ஜ் பல்கலைல இருந்து 2024ல ஒரு ஆய்வு வந்துச்சு, அது கேமராவைப் பத்தினதுதான், ஆனா எனக்கு மண்டைல அடிச்ச மாதிரி இருந்துச்சு. அங்க பொண்ணுங்க காட்டுக்குள்ள போறப்போ மிருகம் விலகிப் போகணும்னு சத்தமா பாடிக்கிட்டே போவாங்களாம், கேமரா வந்தப்புறம் யாரோ பாக்குறாங்கங்கற கூச்சத்துல பாட்டைக் கொறைச்சுட்டாங்க, அதனாலயே யானை புலி எதிர்ல வர்ற ஆபத்து கூடிப் போச்சு. மிருகத்தைப் படிக்கக் கட்டுன கருவி ஒரு மனுஷச் சத்தத்தை அணைச்சிடுச்சு. அதைப் படிச்சதுல இருந்து ரெக்கார்டர் கட்டுறதுக்கு முன்னாடி ஊருக்குள்ள போய்ச் சொல்லிட்டு, ஒண்ணைக் கையில குடுத்துக் காட்டிட்டு, பேச்சு பதிவாச்சுன்னா அழிச்சுடுவோம்னு சொல்றோம், அழிக்கவும் செய்றோம்.

நானும் ஆரம்பிக்கணும், போன் மட்டும்தான் இருக்கு.

போதும். சரணாலயம், காப்பகத்துக்குள்ள ஆராய்ச்சின்னா வனத்துறை அனுமதி வேணும், அதை விட்டுடுங்க, மொட்டைமாடியில ஆரம்பிங்க. வாரம் ஒரு தடவை, அதே எடம், விடியறதுக்கு அர மணி நேரம் முன்னாடி, அஞ்சு நிமிஷம். ஆன் பண்ணுன ஒடனே தேதி, நேரம், ஊரு, வானம் எப்படி இருக்குன்னு வாயால சொல்லிடுங்க, ஃபைல் பேரை நம்பாதீங்க, போன் மாத்துனா போயிடும். வாட்ஸாப்ல அனுப்பி வைக்காதீங்க, அது நசுக்கி மேல் சுருதியைத் தின்னுட வாய்ப்பிருக்கு, ஒரிஜினல் ஃபைலை தனியா வைங்க. பறவை குரலை ஸ்பீக்கர்ல போட்டு அதை வரவழைக்காதீங்க, முக்கியமா கூடு கட்டுற சீசன்ல, அது எதிரி வந்துட்டான்னு நெனச்சு முட்டையை விட்டுட்டு சண்டைக்கு வரும். நடுவுல குக்கர் விசில், பக்கத்து வீட்டு சுப்ரபாதம், நாய் எல்லாம் வரும், அழிக்காதீங்க, பத்து வருஷம் கழிச்சு அதுவும் ஆவணம்தான்.

இதுல காசு வருமா?

வராது. மாசத்துக்கு ஒரு வாரம் இன்னும் சினிமா வேலை ஒத்துக்கிறேன், அதுலதான் வீடு ஓடுது. ஒரே வித்தியாசம், ராத்திரி சீன் வந்தா இப்போ நானே அந்த ஊர்ல அந்த மாசத்துல எடுத்ததைப் போடுறேன். போன மாசம் ஒரு படத்துக்குப் புரட்டாசி மழை ராத்திரி, தவளை மட்டும் நாலு வகை, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம அவ்ளோ அழகா இருந்துச்சு. டைரக்டர் கேட்டுட்டு, "சார், தவளை ரொம்ப கத்துதே, அந்தப் பழைய சில்வண்டு இருந்தா போட்டுடுங்களேன்"னார்.